யாரையும் முந்துவதில்லை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அந்த வருடம் ஒரு மாபெரும் சபதம் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பந்தயத்தில் யாரையும் முந்துவதில்லை.

பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு இப்படி ஒரு சபதம் எடுத்த மனிதர் உலகத்தில் வேறு யாராவது இருந்தால் அவருக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அவருக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. காரணம், அவருடைய இடது கெண்டைக்கால்.

நீந்திக் கரையேறிய ஈரத்தோடு சைக்கிள் மிதித்து, சைக்கிளை விட்டு இறங்கிய நடுக்கத்தோடு ஓடி முடிக்கிற ட்ரையத்லான் என்கிற பைத்தியம் அவரை நாற்பதைத் தாண்டி வெகுகாலம் கழித்துத்தான் பிடித்தது. அதில் சின்னப் போட்டி, பெரிய போட்டி என்று இரண்டு உண்டு. சின்னப் போட்டி காலைச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். பெரிய போட்டி ஆளையே முடித்துவிடும். கடைக்காரரின் ஆசை பெரிய போட்டி. ஒரே ஒரு தடவை அதன் முடிவுக்கோட்டைத் தாண்டிவிட்டால் போதும், மிச்ச ஆயுளை லென்ஸ் துடைத்தே கழித்துவிடத் தயாராக இருந்தார்.

ஆனால் அதன் ஆரம்பக்கோட்டையே அவர் இன்னும் மிதித்தபாடில்லை. பெரிய போட்டிக்குச் சில வாரங்கள் முன்னால் ஒரு சின்னப் போட்டி வரும். அதைப் போட்டியாக நினைக்காதே, பயிற்சியாக நினைத்து அரை வேகத்தில் முடித்துவிட்டு வா என்பார் கோச். கடைக்காரரும் அப்படி நினைத்துக்கொண்டுதான் கிளம்புவார். முதல் வருடம் கடைசி வளைவு வரைக்கும் நல்ல பிள்ளையாகவே ஓடினார். அங்கே ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் அவரைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் "நல்லா ஓடறீங்க" என்று வேறு சொன்னார். அவ்வளவுதான். கடைக்காரர் விரட்டினார். கெண்டைக்காலுக்குள் ஏதோ 'டப்' என்றது. தலைமையாசிரியையே திரும்பி வந்து தன் துண்டால் கட்டுப்போட்டு, "நிதானம் வேணும்ப்பா" என்று சொல்லிவிட்டு மிச்ச தூரத்தை ஓடினார். அடுத்த வருடம் தாண்டிப் போனவர் மாடிவீட்டு ஆடிட்டர். அதே வளைவு, அதே கால், அதே 'டப்'.

இரண்டு வருடமும் பெரிய போட்டியைச் சாலையோரத்தில் மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டு, கட்டுப்போட்ட காலை நீட்டியபடி பார்த்தார். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு மனைவி.

"அதோ வர்றாரு பாருங்க, மஞ்சள் சட்டை. அப்படியே உங்கள மாதிரி."

"ஓடற விதமா?"

"இல்ல, மூச்சு வாங்கற விதம்."

இது மூன்றாவது வருடம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்தச் சின்னப் போட்டி. கோச் நீச்சல் குளத்துத் தண்ணீரில் நின்றுகொண்டே எச்சரித்தார். "சார், இந்தத் தடவையும் காலை உடைச்சுக்கிட்டீங்கன்னா நீங்க செஸ் ஆடப் போங்க. அதுலயும் குதிரைய மட்டும் நகர்த்தாதீங்க."

அதனால்தான் அந்தச் சபதம். தலைமையாசிரியை தாண்டட்டும், ஆடிட்டர் தாண்டட்டும், நடக்கக் கற்றுக்கொள்ளும் குழந்தை தாண்டட்டும். வழிவிட்டு வணங்குவார்.

கோச்சைச் சமாளித்தாயிற்று. காலைச் சமாளித்தாயிற்று. மிச்சம் இருந்தது வீட்டம்மா.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஊரே பார்த்துப் பயப்படுகிற பெரிய பெரிய சர்ஜன்கள் அவள் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் வாயைத் திறந்து கேட்பதற்குள் கேட்கவேண்டிய கருவி கையில் இருக்கும். கேட்கத் தெரியாமல் வேறு எதையாவது கேட்டால், கேட்டதை விட்டுவிட்டு வேண்டியதைக் கொடுப்பாள். கொடுத்தது சரியாகத்தான் இருந்தது என்று தையல் போடும்போது அவர்களுக்கே புரியும். இருபது வருடத்துக்கு மேல் இப்படிப் பழகிய கை, வீட்டுக்கு வந்ததும் வேறு மாதிரி வேலை செய்யுமா? செய்யாது. கடைக்காரருக்கு இதில் பெருமைதான். நீட்டிக்கொண்டு நிற்பது தன் கையாக இருக்கும்போது மட்டும் பெருமை கொஞ்சம் குறையும்.

அந்த வாரம் புதன்கிழமை, துணி மடித்துக்கொண்டே அவள் ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை தம்பி வீடு மாத்துறான்."

"மாத்தட்டும். நல்ல வீடா?"

"நல்ல வீடு. மூணாவது மாடி."

"லிப்ட்?"

"நல்ல காத்து வருமாம்."

கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. "சாமான் ஏத்த ஆளு வெச்சிருக்கானா?"

"வெச்சிருக்கான். கட்டில், மேசை, பாத்திரம் எல்லாம் அவங்க பாத்துப்பாங்க. பீரோவ மட்டும் வெளியாளு தொடக்கூடாது. எங்கப்பா முத முதல்ல சம்பாதிச்சு வாங்கினது. இதுவரைக்கும் எத்தனை வீடு மாத்தியிருக்கோம், வீட்டு மனுசங்கதான் தூக்கியிருக்காங்க. ஒரு கீறல் கிடையாது."

அந்தப் பீரோவைக் கடைக்காரர் நன்றாக அறிவார். மாமனார் அதை வாங்கினாரா, இல்லை அது இருந்த இடத்தில் சுற்றிலும் வீடு கட்டினாரா என்று அவருக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். இரும்பு. அதற்குள் இரும்பு லாக்கர். அந்த லாக்கருக்குள்ளும் ஏதோ இரும்புதான் இருக்க வேண்டும். போட்டிக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை அதை மூன்று மாடி ஏற்றினால் கெண்டைக்கால் ஓடாமலே 'டப்' என்னும். போட்டி என்று உண்மையைச் சொன்னால், "வெறும் பயிற்சிதானேன்னு நீங்களே சொன்னீங்க, அடுத்த வாரம் பயிற்சி பண்ணுங்க" என்பாள்.

ஆகவே அவர் வாயிலிருந்து ஒரு பொய் புறப்பட்டது. பொய்யிலும் தொழில் தர்மம் உண்டு. தெரிந்த தொழிலில் சொன்னார்.

"அடடா, ஞாயித்துக்கிழமையா? ஊருக்கு வெளிய ஒரு பேக்டரில கண் பரிசோதனை கேம்ப் இருக்கே. நான்தான் போகணும்."

"ஞாயித்துக்கிழமை பேக்டரி லீவாச்சே."

"லீவு நாளாப் பாத்துத்தானே கேம்ப் வைக்க முடியும். மத்த நாள் மெஷின் ஓடும்."

சொன்ன பிறகு அவருக்கே அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. மனைவி கையிலிருந்த சட்டையை நாலாக மடித்து வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"போய்ட்டு வாங்க. நாலு பேருக்குக் கண்ணு தெரிஞ்சா நல்லதுதானே."

"பீரோ?"

"பீரோவப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டது கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே பயந்திருப்பான். கடைக்காரர் தன் நடிப்புத் திறமையை மெச்சிக்கொண்டார்.

சனிக்கிழமை மாலைக்குள் ஏற்பாடுகள் கச்சிதமாக முடிந்தன. சைக்கிள் மாடிவீட்டு ஆடிட்டரின் கார் டிக்கிக்குள் சக்கரம் கழற்றிப் படுக்கப்போட்டாயிற்று. ஆடிட்டரும் போட்டிக்கு வருகிறார். அவரும் அவர் வீட்டில் ஏதோ கம்பெனிக் கணக்கு பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். கண் பார்க்கிற சோதனை லென்ஸ் பெட்டியைக் கடைக்காரர் காலி பண்ணி, அதற்குள் ஓட்டக் காலணி, நீச்சல் உடை, துண்டு, நீச்சல் கண்ணாடி எல்லாவற்றையும் அடுக்கினார். நீச்சல் கண்ணாடி அவருடைய சொந்தத் தயாரிப்பு. தன் கண்ணுக்குத் தகுந்த பவர் போட்டுக் கடையிலேயே செய்தது. அது இல்லாமல் தண்ணீரில் இறங்கினால் அவருக்கு மிதவைக்கும் மனிதத் தலைக்கும் வித்தியாசம் தெரியாது.

ஞாயிறு விடியும்போது மனைவி அவருக்கு முன்னால் எழுந்து சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

"எதுக்கு இதெல்லாம்? சாதாரணச் சட்டை போதும்."

"பேக்டரிக்காரங்க என்ன நினைப்பாங்க? டை கட்டுங்க."

"டை வேணாமே."

"அந்த வெள்ளக் கோட்டையும் போட்டுக்கங்க. இருங்க, கொஞ்சம் குனிங்க." கழுத்துப் பட்டையைச் சரிபண்ணினாள். பிறகு ஒரு டப்பாவை நீட்டினாள். "ரொட்டி, முட்டை, வாழைப்பழம் வெச்சிருக்கேன். சீக்கிரமே சாப்பிட்டுடுங்க. கேம்ப் ஆரம்பிச்சிட்டா நேரம் இருக்காது."

போட்டிக்கு முன்னால் சாப்பிடச் சொல்லி கோச் எதைச் சொன்னாரோ, அதுவே டப்பாவில் இருந்தது. கடைக்காரர் இதைத் தற்செயல் என்று எடுத்துக்கொண்டார். லென்ஸ் பெட்டியை அவளே தூக்கி வந்து கையில் கொடுத்தாள். "லென்ஸ் இவ்வளவு லேசாவா இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

"இப்ப எல்லாம் பிளாஸ்டிக் லென்ஸ்."

"நல்லதாப் போச்சு. கை வலிக்காது."

ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்ததும், டை கட்டிய இரண்டு மனிதர்கள் ஒரு காருக்குப் பின்னால் நின்று அவசர அவசரமாகத் துணி அவிழ்ப்பதை ஒரு காவலாளி சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஆடிட்டர் அன்று என்னவோ கடைக்காரரின் முகத்தைப் பார்த்தே பேசவில்லை. போட்டிப் பதற்றம் என்று நினைத்து கடைக்காரரே தைரியம் சொன்னார்.

"சார், இன்னிக்கு நான் உங்கள முந்தப் போறதில்ல. சபதம். நிம்மதியா ஓடுங்க."

"நானும் நிதானமாத்தான் சார் போகப் போறேன்," என்றார் ஆடிட்டர், தன் காலணியைப் பார்த்துக்கொண்டு.

சைக்கிள்களை வரிசையாகத் தொங்கவிட நீளக் கம்பிகள் நட்டு, கயிறு கட்டி, ஒரு தட்டிக் கதவும் வைத்து ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். நீந்திவிட்டு ஓடிவருபவர்கள் இங்கேதான் சைக்கிள் எடுப்பார்கள், திரும்பி வந்து இங்கேதான் வைத்துவிட்டு ஓடப் போவார்கள். கடைக்காரர் தன் சைக்கிளுக்குப் பக்கத்தில் துண்டை விரித்தார். காலணி, அதற்குள் மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் ஹெல்மெட். அடுக்கி வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் ரசித்தார். பிறகு நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

நீச்சல் நன்றாகவே போயிற்று. இரண்டு பக்கமும் ஆட்கள் தாண்டிப் போனார்கள். ஒருவர் அவர் முதுகின் மேலேயே ஏறிப் போனார். கடைக்காரர் புன்னகையோடு குமிழி விட்டார். ஆனால் கரைக்குப் பக்கத்தில், தனக்குக் கொஞ்சம் முன்னால் ஆடிட்டரின் வழுக்கைத்தலை எழுந்து வெளியேறுவதைத் தன் சொந்தத் தயாரிப்புக் கண்ணாடி வழியாகத் துல்லியமாகப் பார்த்தார். அந்த நொடியில் சபதம் தண்ணீரோடு போயிற்று.

எழுந்து ஓடினார். நீச்சல் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றினார். உலகம் உடனே கஞ்சித் தண்ணீர் ஆயிற்று. பரவாயில்லை, வழி தெரியும். தடவித் தடவித் தன் சைக்கிளைக் கண்டுபிடித்து, விழாமல் இருக்க அதன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து ஹெல்மெட்டைத் தேடினார்.

பீ... என்று ஒரு விசில் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. எதிரே ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் நின்றது.

"வண்டில இருந்து கைய எடுங்க."

காதுக்குள் ஏரித் தண்ணீர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எதுக்குங்க?"

"ஹெல்மெட் போட்டு, பட்டைய மாட்டின பிறகுதான் வண்டியத் தொடணும். ரூல்."

"ரூல் எனக்குத் தெரியும் மேடம். நான் மூணு வருசமா வர்றேன்."

"மூணு வருசமா வர்றவரு மொதல்ல கைய எடுங்க."

"மேடம், கண்ணு தெரியல, அதான் பிடிச்சேன். மனுசனுக்கு மனுசன் ஒரு இரக்கம் வேணாமா? உங்கள மாதிரி ஆளுங்க எல்லாம் ஒரு ஆரஞ்சு சட்டையப் போட்டுக்கிட்டா..."

"கண்ணாடிக்கடை வெச்சிருக்கவரு கண்ணு தெரியலன்னு சொன்னா வெளிய யாராவது நம்புவாங்களா?"

கடைக்காரரின் கை இருக்கையிலிருந்து தானாக நழுவியது. தான் கடை வைத்திருப்பது ஓர் ஆரஞ்சு மேகத்துக்கு எப்படித் தெரியும்? மெதுவாகக் குனிந்தார். காலணிக்குள்ளிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார். போட்டுக்கொண்டால் என்ன தெரியும் என்பது போடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இருந்தாலும் போட்டார்.

வாலண்டியர் சட்டை. கழுத்தில் விசில். மேலே மனைவியின் முகம்.

"கேம்ப் எப்படிப் போகுது?"

"கூட்டம்... ஜாஸ்தி."

"தெரியுது. எத்தனை பேருக்குப் பாத்தீங்க?"

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கு." பேச்சை மாற்றி, "நீ எங்க இங்க?" என்றார்.

"முதலுதவிக்கு எங்க ஆஸ்பத்திரிலதான் ஆள் கேட்டாங்க. இந்தக் கதவுல நிக்கறேன்னு நான் கேட்டு வாங்கிக்கிட்டேன். ஹெல்மெட்டப் போடுங்க."

போட்டார். அவள் தாடைக்குக் கீழே இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். "தொளதொளன்னு இருக்கு." சர்ஜனுக்கு முகமூடி கட்டிவிடுகிற அதே நிதானத்தோடு பட்டையை இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்தாள். பக்கத்திலிருந்து சைக்கிள்கள் ஒவ்வொன்றாகப் பறந்துகொண்டிருந்தன.

"நேரம் போகுதும்மா."

"எங்க போகுது? பயிற்சிதானே. தண்ணி குடிங்க."

"வேணாம்."

"குடிங்க. உக்காந்து குடிங்க."

குடித்தார். உட்கார்ந்து குடித்தார். காலுறையைச் சுருக்கமில்லாமல் போடச் சொன்னாள். போட்டார். அவர் மூச்சு சீராகிவிட்டது என்று பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் விலகி நின்றாள். "இப்ப வண்டிய எடுக்கலாம். அந்தக் கோடு வரைக்கும் தள்ளிக்கிட்டுத்தான் போகணும், ஏறக்கூடாது." அடுத்து ஓடிவந்தவரிடம் திரும்பி, "நீங்க போங்க தம்பி, சரியாப் போட்டிருக்கீங்க," என்றாள்.

கடைக்காரர் ஆத்திரத்தோடு மிதித்தார். கொஞ்ச தூரம் வரைக்கும் ஆடிட்டரைத் துரத்துவது மட்டும்தான் நினைப்பாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு யோசனை வந்தது. இந்தச் சாலை ஒரு சுற்றுச் சாலை. எவ்வளவு வேகமாகப் போகிறாரோ அவ்வளவு சீக்கிரம் அதே கதவுக்குத் திரும்பி வந்துவிடுவார். கதவில் அவள் நிற்கிறாள்.

வீட்டில் என்ன காத்திருக்கிறது என்று தெரிந்த எந்தக் கணவனும் வேகமாக வீடு திரும்பியதில்லை. கால்கள் தாமாகவே மெதுவாயின. வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைக்காரர் ஒரு போட்டியில், கோச் சொன்ன அதே வேகத்தில், மரம் மட்டை பார்த்துக்கொண்டு, காற்று வாங்கிக்கொண்டு சைக்கிள் ஓட்டினார். கூடவே வாய்க்குள் விளக்கங்களைத் தயார் பண்ணினார். பேக்டரிக்காரர்கள் கடைசி நிமிடத்தில் கேம்ப்பை ரத்து பண்ணிவிட்டார்கள். நல்லா இருக்கிறது. ஆனால் ரத்தான கேம்ப்பிலிருந்து எவன் நீச்சல் உடையோடு வெளியே வருவான்? ஒவ்வொரு விளக்கமும் அடுத்த திருப்பத்தில் பஞ்சரானது. ஒரு மேட்டில் தலைமையாசிரியை அவரைத் தாண்டினார்.

"இந்தத் தடவ கால் நல்லாருக்காப்பா?"

"இருக்குங்கம்மா. நீங்க போங்க," என்றார் கடைக்காரர். மனதார.

கதவு வந்தது. இறங்கவேண்டிய கோட்டுக்கு இரண்டு முழம் முன்னாலேயே இறங்கிவிட்டார், மேலும் ஒரு ரூலைக் கேட்கிற தெம்பு இல்லாமல்.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றார்.

"பின்னால ஆளு வருது. வண்டிய மாட்டுங்க." மாட்டினார். அவள் குனிந்து அவருடைய இடது கெண்டைக்காலைப் பிடித்து, கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டு வந்தாள். "இங்க?"

"இல்ல."

"இங்க?"

"இல்லம்மா. நெஜமாவே வலிக்கல."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று லேசாயிற்று. அதை அவர் கவனித்தார். இரண்டு வருடமாகக் குடை பிடித்துக்கொண்டு நின்றவளும் அந்தக் காலைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதைச் சொல்ல வாயெடுத்தார்.

"நின்னு என்ன பாக்கறீங்க? ஓடுங்க. மாடிவீட்டுக்காரர் இப்பதான் போறாரு."

நிஜம்தான். கூப்பிடு தூரத்தில் ஆடிட்டர் ஓடிக்கொண்டிருந்தார். ஓட்டம் என்று மரியாதைக்குச் சொல்லலாம். காய்கறி வாங்கப் போகிற வேகம். கடைக்காரர் அவருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார். உடனே தாண்டக் கூடாது. பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய், கடைசி வளைவில் அடிக்க வேண்டும். அதுதான் தந்திரம். ஆடிட்டர் மெதுவாகப் போனார், இவரும் மெதுவாகப் போனார். ஆடிட்டர் இன்னும் மெதுவானார். ஆள் தளர்ந்துவிட்டார் என்று கடைக்காரருக்கு உள்ளூர ஒரே குஷி.

கடைசி வளைவு வந்தது. இரண்டு வருடமாக அவர் காலைக் காவு வாங்கிய அதே வளைவு. பல்லைக் கடித்துக்கொண்டு பாயத் தயாரானார். அதற்குத் தேவையே வரவில்லை. ஆடிட்டர் திடீரென்று பாதையோரம் ஒதுங்கி, குனிந்து, காலணிக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். கடைக்காரர் நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஒரு வேகத்தில், வெற்றி வீரராக அவரைக் கடந்து கோட்டைத் தாண்டினார்.

கோச் ஓடிவந்து முதுகில் தட்டினார். "சார், இதத்தான் சார் நான் மூணு வருசமாச் சொல்றேன். வேர்வையே இல்ல உங்களுக்கு. இப்ப இன்னும் ஒரு வேலை குடுத்தாக்கூடச் செய்வீங்க. பெரிய போட்டில உங்கள நிறுத்த ஆளே கிடையாது."

"கேட்டுக்கிட்டியா?" என்று கடைக்காரர் அங்கே வந்து நின்ற மனைவியைப் பார்த்தார். ஜெயித்த மனிதருக்கு ஒரு பெருந்தன்மை வரும். "நான் பொய் சொன்னது தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், உனக்கு எப்பத் தெரியும்?"

"இங்க வேலைக்குப் போன மாசமே பேரு குடுத்தேன்."

"போன மாசமா? நான் பொய் சொன்னதே இந்தப் புதன்கிழமைதானே. போன மாசம் எனக்கே அந்த யோசனை கிடையாதே."

"நீங்க யோசிக்கற வரைக்கும் நான் காத்திருந்தா வீடு நடக்குமா?" அவள் விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். "வாங்க. தம்பி வண்டி ஏத்திட்டானாம். இன்னிக்குச் சாயங்காலம்தான் வீடு மாத்துறது. காலையில மாத்துறான்னு நான் எப்பச் சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தார். சொல்லவில்லை.

சாயங்காலம் மச்சினனின் புது வீட்டுப் படிக்கட்டில் அந்தப் பீரோ மேலே ஏறிக்கொண்டிருந்தது. மேல்முனையைப் பிடித்தவர் ஆடிட்டர். வீட்டு மனிதர்கள் மட்டும் தொடவேண்டிய பீரோவில் ஆடிட்டர் எப்படிக் கை வைத்தார் என்று கேட்டதற்கு, "மாடிவீடும் வீடுதானே" என்று சொல்லிவிட்டாள் மனைவி. கீழ்முனை கடைக்காரரிடம். பீரோவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு மச்சினன். "மாமா, கொஞ்சம் இடது பக்கம். மாமா, செவுத்துல உரசுது. அய்யோ, மெதுவா மாமா." சொல்வது அவன் வேலை.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார்கள். மச்சினன் தண்ணீர் எடுக்க மேலே போனான். பீரோவைத் தோளில் தாங்கிக்கொண்டு, கடைக்காரர் கழுத்தைத் திருப்ப முடியாமல் நேரே பார்த்தார். மேல் படியில், அவர் கண்ணுக்கு நேராக, ஆடிட்டரின் காலணிகள். காலையில் போட்டிருந்த அதே ஜோடி.

ட்ரையத்லான்காரர்களின் காலணியில் முடிச்சுப் போடுகிற கயிறு இருக்காது. அவசரத்தில் கட்டிக்கொண்டு நிற்க முடியாது என்பதால் இழுவைக் கயிறு கோத்து வைத்திருப்பார்கள். நுழைத்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஆடிட்டரின் காலணியிலும் அதுதான் இருந்தது. முடிச்சு இல்லை, நுனி இல்லை, கட்டுவதற்கு எதுவுமே இல்லை.

"சார்."

"சொல்லுங்க சார்."

"கடைசி வளைவுல குனிஞ்சு என்ன சார் கட்டினீங்க?"

ஆடிட்டர் ஒரு காலணியை மற்றதற்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். பீரோ லேசாக ஆடியது.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நேத்து உங்க வீட்டு சிஸ்டர் எனக்கு ஊசி போட வந்தாங்க. வாராவாரம் போடுவாங்கல்ல. ஊசிய மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, 'நாளைக்கு எங்க கம்பெனிக் கணக்கு'ன்னு கேட்டாங்க. மனுசன் என்ன சார் பண்ணுவான்?"

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்க."

"நான் எங்க சொன்னேன்? எல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ஒரே ஒரு வேலைதான் குடுத்தாங்க. 'அவரு உங்கள விரட்டினா காலு போயிடும், அதனால மெதுவா ஓடுங்க. ஆனா தோத்துட்டு வந்தாருன்னா ரெண்டு நாளைக்கு ஒரு டம்ளரக்கூட நகர்த்த மாட்டாரு. அதனால கடைசியில கொஞ்சம் ஜெயிக்க விட்டுடுங்க, பீரோ மேல போகணும்'னு சொன்னாங்க."

கடைக்காரருக்குக் கோபம் வரவேண்டும். வருகிறதா என்று காத்திருந்து பார்த்தார். வரவில்லை. கெண்டைக்காலைப் படியில் அழுத்திப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது. மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒரு சின்னப் போட்டியை முடித்துவிட்டு, அதே நாளில் மாமனாரின் பீரோவையும் இரண்டு மாடி ஏற்றிவிட்டு, சொந்தக் காலில் நிற்கிறார். இந்த வருடம் ஆரம்பக்கோட்டில் நிற்கப் போகிறார். அதில் சந்தேகமே இல்லை. ஒரு கீறல் இல்லாமல் பீரோவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது போலவே தன்னையும் ஒருத்தி அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்டதை விட்டுவிட்டு வேண்டியதைக் கையில் வைத்திருக்கிறாள். என்ன பெண் பிள்ளை என்று பீரோவின் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி வியந்தார்.

ஆனாலும் ஆண் பிள்ளைக்கு ஒரு மானம் உண்டல்லவா. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சார், பெரிய போட்டியிலாவது நான் என் இஷ்டத்துக்கு ஓடலாமா? அதுக்கும் ஏதாவது உங்ககிட்டச் சொல்லி வெச்சிருக்காளா?"

ஆடிட்டர் பிடியை மாற்றிக்கொண்டார்.

"சார்?"

"பீரோவத் தூக்குங்க சார்," என்றார் ஆடிட்டர். "வர்ற சனிக்கிழமையும் எனக்கு ஊசி இருக்கு."